வானூர்தி உலோகங்கள்: செய்முறையும் சொல்லாக்கமும்

0. முன்னுரை

ஓர் அறிவியல் துறையின் நூலைத் தமிழாக்குவோர் அத்துறைச் சொற்களின் அகராதிப் பொருளை அறிந்தால் போதுமா, அச்சொற்கள் சுட்டும் செய்முறையையும் அறிந்திருத்தல் வேண்டுமா என்னும் வினா கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எழுவதாகும். இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற துறைகளுள் ஒன்று வானூர்தி உலோகவியல். இத்துறையின் ஆங்கிலச் சொற்களுட் பல புதியனவாகப் படைக்கப்பட்டவை அல்ல; அன்றாட வழக்கிலிருந்து எடுத்துப் பொருள் வரையறுக்கப்பட்டவை. ‘ஏஜிங்’, ‘ஃபெட்டீக்’, ‘கிரெயின்’, ‘கிரீப்’ ஆகியவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். எளிய சொற்களாகத் தோன்றுவதே இவற்றின் இடர்ப்பாடு. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்க்கவேண்டிய தேவையையே உணராமல் இவற்றைக் கடந்துவிடக் கூடும்.

வேறு சில துறைகளில் இத்தகைய பிழை நடைக்குறையாக மட்டும் நின்றுவிடும். வானூர்தியைப் பொறுத்தவரை அவ்வாறன்று. ஓர் உறுப்பை எவ்வாறு பதப்படுத்துவது, எதைக் குறையெனக் கொள்வது, எத்தனை பறப்புகளுக்குப் பின் சோதிப்பது என்பனவற்றைச் சொற்களே பட்டறைக்குக் கொண்டு செல்கின்றன. தமிழ்வழித் தொழிற்கல்வி பெற்று இத்துறைக்கு வருவோர்க்குப் பயிற்சி நூல்கள் எழுதப்படும்போது, சொல்லின் பொருள்மயக்கம் செயலின் மயக்கமாக மாறும்.

வானூர்திக்குரிய உலோகங்கள் எவை, அவை எம்முறையில் ஆக்கப்படுகின்றன என்பதை விளக்கி, அவ்விளக்கத்தின் வழியே சில சொற்களின் பொருள் எல்லைகளை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ‘உறுதி’ என்னும் ஒரு சொல்லும் நான்கு பண்புகளும்

பொது வழக்கில் நல்ல உலோகத்தை ‘உறுதியானது’ என்கிறோம். உலோகவியலில் இவ்வொரு சொல்லின் இடத்தில் குறைந்தது நான்கு பண்புகள் உள்ளன. இழுத்தாலும் அமுக்கினாலும் நிலையாக உருமாறாமல் அல்லது அறாமல் தாங்கும் அளவு ‘வலிமை’. சுமையேற்றும்போது வளைந்துகொடுக்க மறுக்கும் அளவு ‘விறைப்பு’. மேற்பரப்பில் பள்ளம் விழாமல் தடுக்கும் அளவு ‘கடினம்’. ஏற்கெனவே விரிசல் இருக்கும் நிலையிலும் அவ்விரிசல் பரவாமல் தடுக்கும் அளவு ‘முறிவெதிர்ப்பு’. கண்ணாடி மிகு கடினம் உடையது. ஆயினும் முறிவெதிர்ப்பு அதற்கு மிகக் குறைவு. அரிவாளின் வாய் மடங்கிற்று என்பதும் வாய் தெறித்தது என்பதும் வெவ்வேறு குறைகள் என்பதை நம் பேச்சு வழக்கே வேறுபடுத்திக் காட்டுகிறது. முன்னது கடினக் குறைவு. பின்னது முறிவெதிர்ப்புக் குறைவு.

இந்நான்கும் தனித்தனியே மாறுபவை என்பதற்கு அலுமினியமே சான்று. நன்கு மென்மையாக்கப்பட்ட தூய அலுமினியத்தின் இழுவலிமை சுமார் 90 மெகாபாஸ்கல். துத்தநாகம், மக்னீசியம், செம்பு ஆகியவை சேர்ந்த 7075 என்னும் கலவை உரிய முறையில் பதப்படுத்தப்பட்டால் அதன் வலிமை சுமார் 570 மெகாபாஸ்கல். வலிமை ஆறு மடங்கு உயர்கிறது. ஆனால் விறைப்பைக் குறிக்கும் மீட்சிக் குணகமோ இரண்டிற்கும் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கலே. கலவையாக்கமும் பதப்படுத்தலும் வலிமையை மாற்றுகின்றன. விறைப்பைப் பெரிதும் மாற்றுவதில்லை. எனவே ‘உறுதி கூட்டப்பட்ட கலவை’ என்னும் தொடர், எது கூட்டப்பட்டது என்பதைக் கூறாமல் விட்டுவிடுகிறது.

வானூர்திக்கு அலுமினியம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. எஃகின் மீட்சிக் குணகம் சுமார் 210 கிகாபாஸ்கல். டைட்டானியத்தின் குணகம் சுமார் 115. ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்தால் மூன்றிற்கும் ஏறத்தாழ 26 என்னும் ஒரே ஈவு கிடைக்கிறது. அதாவது எடைக்கு எடை மூன்றும் சமவிறைப்பு உடையன. எனினும் ஒரே எடையுள்ள தகட்டை அலுமினியத்தில் செய்தால் அது எஃகுத் தகட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பாக அமையும். தகடு நெளிந்து மடிவதைத் தடுக்கும் ஆற்றல் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால், மெல்லிய தோல் போர்த்த வானூர்தி உடலுக்கு அலுமினியமே ஏற்புடையதாயிற்று.

இவ்விடத்தில் இரு சொற்கள் மொழியியலாளரின் கவனத்திற்குரியன. சுமையால் பொருளில் ஏற்படும் உருமாற்றத்தைத் தமிழகப் பாடநூல்கள் ‘திரிபு’ என்றும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘விகாரம்’ என்றும் வழங்குகின்றன. இரண்டும் புணர்ச்சி இலக்கணத்திலிருந்து வந்தவை. ஒரு நாட்டார் மரபுவழித் தமிழ்ச் சொல்லையும், மற்றொரு நாட்டார் வடசொல்லையும் தெரிந்துகொண்டனர். ஆயினும் இரு சாராரும் இலக்கணத்தையே நாடினர். சுமையை நீக்கினால் மறையும் திரிபு ‘மீள்திரிபு’, மறையாமல் நிற்பது ‘மீளாத்திரிபு’ எனப் பகுப்பது இரு வழக்கிலும் எளிதாக அமைகிறது.

2. முதிர்வும் மூப்பும்

2.1 வில்மின் கண்டறிவு

1903ஆம் ஆண்டு ரைட் சகோதரர்களின் வானூர்தியில் உடல் மரத்தாலும் துணியாலும் ஆனது. இயந்திரத்தின் கூடு மட்டும் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. அலுமினியம் உடற்பகுதிக்கு வர ஒரு கண்டறிவு தேவைப்பட்டது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் என்னும் உலோகவியலார், சுமார் 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றி நீரில் தோய்த்து, அதன் கடினத்தை அளந்தார். எதிர்பார்த்த அளவு கடினம் ஏறவில்லை. சில நாள் கழித்து அதே துண்டை மீண்டும் அளந்தபோது, எவரும் தொடாமலிருந்த அவ்வுலோகம் தானாகவே கடினமேறியிருந்தது.

இக்கலவை டூரன் என்னும் ஊரிலிருந்த ஆலையில் ஆக்கப்பட்டமையால் ‘டூரலுமின்’ எனப் பெயர் பெற்றது. இப்பெயரின் முதற்பகுதி, கடினம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை ஒத்தொலிப்பதால் அதனின்றும் பிறந்ததாகக் கருதப்படுவதும் உண்டு. முதல் உலகப் போர்க்காலத்தில் செப்பலின் வான்கப்பல்களின் சட்டகங்கள் இக்கலவையால் அமைந்தன. 1915இல் எஃகுத் தகட்டால் முழு உலோக வானூர்தியைச் செய்த ஹியூகோ ஜங்கர்ஸ், 1919இல் பறந்த எஃப்13 என்னும் பயணிகள் வானூர்தியை டூரலுமினால் அமைத்தார்.

தானாகக் கடினமேறியதன் காரணம் 1938இல்தான் தெளிவாயிற்று. பிரான்சில் கினியேயும் பிரிட்டனில் பிரெஸ்டனும் தனித்தனியே ஊடுகதிர்ச் சோதனை வழியாக அதனைக் கண்டனர். சுமார் 500 பாகை செல்சியசில் செம்பணுக்கள் அலுமினியத்தினுள் கரைந்து பரவுகின்றன, உலோகம் உருகுவதில்லை, கரைவது திண்ம நிலையிலேயே நிகழ்கிறது. திடீரெனக் குளிர்விக்கும்போது அவ்வணுக்கள் வெளியேற நேரமின்றிச் சிறைப்படுகின்றன. பின்னர் அவை மெல்ல மெல்ல ஓரிடத்தில் திரண்டு, கண்ணுக்குப் புலனாகாத நுண்திரள்கள் ஆகின்றன. படிக அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்வதை இத்திரள்கள் தடுக்கின்றன. இத்தடையே கடினமாகவும் வலிமையாகவும் வெளிப்படுகிறது.

2.2 தோய்ச்சல் என்னும் சொல்லின் எல்லை

கொல்லுப் பட்டறையில் காய்ந்த இரும்பை நீரில் அல்லது எண்ணெயில் அமிழ்த்துவது தோய்ச்சல். அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுத்தால் வாய் உடனே கடினமேறும். எனவே ‘தோய்ச்சல்’ என்னும் சொல்லில் செயலும் விளைவும் ஒன்றாகவே கலந்துள்ளன. அலுமினியக் கலவையிலோ தோய்த்த உடன் உலோகம் மென்மையாகவே இருக்கும். கடினமேறுவது அதற்குப் பின்னரே. எஃகிலிருந்து பெற்ற சொல்லை அலுமினியத்திற்கு அப்படியே கொண்டுசென்றால், விளைவும் உடன் வந்துவிடும் எனப் படிப்பவர் கருதுவர்.

இதன் நடைமுறை விளைவைத் தறையாணிகளில் காணலாம். 2024 என்னும் கலவையாற் செய்த தறையாணிகளைச் சூடேற்றித் தோய்த்தவுடன் உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிர்பெட்டியில் வைப்பர். குளிரில் அணுக்கள் திரள்வது தாமதமாகும். வெளியே எடுத்த தறையாணியைச் சுமார் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். அதன்பின் அது இருந்த இடத்திலேயே முதிர்ந்து, சில நாள்களில் முழு வலிமை பெறும். காலம் தாழ்த்தி அடித்தால் தலை வெடிக்கும். ‘தோய்ச்சலால் கடினமாக்கப்பட்ட தறையாணி’ என்று மொழிபெயர்க்கப்பட்ட குறிப்பைப் படிப்பவருக்கு, அதைக் குளிர்பெட்டியில் வைப்பதன் காரணமே விளங்காது. காரணம் விளங்காத விதி எளிதில் மீறப்படும். ஆகவே இங்குச் செயலை மட்டும் குறிக்கும் ‘தோய்த்தல்’ என்பதையும், விளைவைக் குறிக்க ‘முதிர்வால் கடினமேறல்’ என்பதையும் தனித்தனியே ஆளுதல் நலம்.

2.3 ஒரு சொல், இரண்டு எதிர்ப்பொருள்கள்

மேற்கூறிய மாற்றத்தை ஆங்கிலம் ‘ஏஜிங்’ என்கிறது. பல ஆண்டுகள் பறந்து நலிந்த வானூர்தியையும் ஆங்கிலம் அதே சொல்லால் ‘ஏஜிங் ஏர்கிராஃப்ட்’ என்கிறது. முன்னது ஆக்கம், பின்னது கேடு. முன்னது அடுப்பில் சில மணி நேரம். பின்னது வானில் இருபது ஆண்டு. ஆங்கில மொழியாளர் சூழலைக்கொண்டு வேறுபாட்டை உணர்வர். இரண்டிற்கும் ‘மூப்பு’ என்று பெயர் சூட்டினால் தமிழ்ப் படிப்பாளிக்கு மயக்கமே மிஞ்சும்.

இவ்விடத்தில் தமிழ், மூலமொழியைவிடத் தெளிவாக அமையும் வாய்ப்பைப் பெற்றுள்ளது. கதிரும் கனியும் அடைவது முதிர்வு. உயிர் தளர்வது மூப்பு. கலவை அடையும் நற்பயனை ‘முதிர்வு’ என்றும், வானூர்தி அடையும் நலிவை ‘மூப்பு’ என்றும் வேறுபடுத்தினால், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வரையறையைத் தமிழ் பெறும். அறை வெப்பத்தில் நிகழ்வது ‘இயல்முதிர்வு’; 7075 கலவையை 120 பாகையில் 24 மணி நேரம் வைத்து வருவிப்பது ‘செயன்முதிர்வு’.

முதிர்வைத் தொடர்ந்தால் வலிமை உச்சத்தை அடைந்து பின் குறையத் தொடங்கும். இவ்வாறு உச்சத்தைக் கடந்த நிலையை ஆங்கிலம் ‘ஓவர்ஏஜ்டு’ என்கிறது. இது குறைபாடுபோல் ஒலிக்கிறது. ஆனால் தொழிலில் இது பலவிடங்களில் வேண்டுமென்றே செய்யப்படுவது. உச்சவலிமையிலுள்ள 7075, இழுவிசையும் ஈரமும் ஒருங்கே தாக்கும்போது விரிசல் விடும் இயல்புடையது. உயர்வெப்பத்தில் மேலும் முதிரச் செய்தால் வலிமை 10 முதல் 15 விழுக்காடு குறைகிறது. ஆனால் அவ்விரிசல் ஏற்படும் வாய்ப்புப் பெரிதும் நீங்குகிறது. இதனை ‘மிகைமுதிர்வு’ எனலாம். ‘முதிர்ந்து கெட்டது’ என்று பெயர்ப்பின், சரியான உறுப்பு பழுதுடையதென ஒதுக்கப்படும்.

3. துருவும் அரிமானமும்

‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்பது முற்றிலும் உண்மையான கூற்று. ஏனெனில் துரு என்பது இரும்பின் செந்நிறச் சிதைவுக்கு மட்டும் உரிய சொல். ஆனால் இக்கூற்றிலிருந்து ‘அலுமினியம் சிதையாது’ என்னும் முடிவுக்குச் செல்வது பிழை. அலுமினியமும் காற்றாலும் நீராலும் உப்பாலும் அரிக்கப்படும். எல்லா உலோகங்களுக்கும் பொதுவான இந்நிகழ்வே ‘அரிமானம்’. துரு அதன் ஒரு வகை.

தூய அலுமினியத்தின் மேல் இயல்பாகவே படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம் அதனைக் காக்கிறது. வலிமைக்காகச் சேர்க்கப்படும் செம்போ இக்காப்பைக் குலைக்கிறது. ஆகவே வலிமை கூட்டிய செயலே அரிமானத்திற்கும் வழிவகுக்கிறது. இதனைத் தீர்க்க, வலிய கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக உருட்டி ஒட்டும் முறை 1920களின் இறுதியில் அமெரிக்காவில் வந்தது. அப்போர்வை தான் அரிபட்டு உள்தகட்டைக் காக்கும். மேற்பரப்பில் ஏற்படும் கீறலைத் தேய்த்துச் சமன் செய்யப் புகுவோர் இப்போர்வையையே தேய்த்து நீக்கிவிடக் கூடும் என்பதால், கையேடுகள் இதில் எச்சரிக்கை தருகின்றன.

அலுமினிய அரிமானத்தின் அடையாளம் செந்நிறப் பொடியன்று. வெண்ணிற அல்லது சாம்பல்நிறப் பொடியும், தகடு அடுக்கடுக்காக உப்புவதுமே. ‘துரு உள்ளதா எனப் பார்க்க’ என்று மொழிபெயர்க்கப்பட்ட ஓர் அறிவுறுத்தல், சோதிப்பவரின் கண்ணைத் தவறான நிறத்தின்மேல் செலுத்தும். ‘அரிமானம் உள்ளதா எனப் பார்க்க’ என்றால் மட்டுமே அவ்வறிவுறுத்தல் முழுமை பெறும்.

4. அயர்வு: உவமை எங்கே முடிகிறது?

திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் சுமையால், ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய அளவிலேயே உலோகம் விரிசல் விட்டு முறிவது உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வண்டிகளின் அச்சுகள் முறிந்தபோது இது பெருஞ்சிக்கலாயிற்று. ஜெர்மானியரான வோலர் இதனை முறையாக அளந்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘ஃபெட்டீக்’ என்னும் சொல்லாலும், ஜெர்மன் ‘எர்மூடுங்’ என்னும் சொல்லாலும் இதனைக் குறிக்கின்றன. இரண்டும் உடற்களைப்பைக் குறிப்பன. தமிழிலும் களைப்பு, சோர்வு, அயர்வு ஆகிய சொற்கள் இதற்கு இயல்பாகத் தோன்றும்.

உவமை ஓரளவிற்கே பொருந்தும். களைத்த உடல் ஓய்வால் தெளியும். அயர்ந்த உலோகம் ஓய்வால் தெளிவதில்லை. ஒருமுறை தோன்றிய விரிசல், வானூர்தி ஓராண்டு நிறுத்தப்பட்டிருந்தாலும் அங்கேயே இருக்கும். மேலும், எஃகில் ஒரு வரம்பிற்குக் கீழ்ப்பட்ட சுமையை எத்தனை முறையும் ஏற்றலாம் எனக் கொள்ளத்தக்க எல்லை உண்டு. அலுமினியக் கலவைகளில் அத்தகைய தெளிவான எல்லை இல்லை. எனவே அவற்றில் எண்ணிக்கையே காவல்.

இவ்வுண்மையை உலகம் அறிந்தது காமெட் வானூர்திகளின் அழிவால். பிரிட்டனின் காமெட், 1952 மே 2 அன்று பயணிகளுடன் பறக்கத் தொடங்கிய முதல் ஜெட் வானூர்தி. 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே ஒன்றும், ஏப்ரல் 8 அன்று நேபிள்ஸ் அருகே மற்றொன்றும் வானிலேயே சிதைந்தன. முன்னதில் 35 பேரும் பின்னதில் 21 பேரும் உயிரிழந்தனர். அவை பறந்திருந்தவை முறையே 1,290, 900 பறப்புகளே. ஃபார்ன்பரோ ஆய்வகத்தார், சேவையில் இருந்த மற்றொரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, உள்ளே நீரழுத்தத்தை ஏற்றியிறக்கிப் பறப்புகளைப் போலச் செய்தனர். உண்மைப் பறப்பும் தொட்டிப் பறப்பும் சேர்ந்து 3,057ஆம் முறையில், திறப்பொன்றின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது.

வடிவமைத்தோர் சோதிக்காமல் விடவில்லை என்பது இதில் கருதத்தக்கது. அவர்கள் சோதித்த உடற்பகுதி 16,000 முறைக்கு மேல் தாங்கியது. ஆனால் அதே பகுதி, வலிமைச் சோதனைக்காக முன்னரே மிகையழுத்தத்திற்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அவ்வழுத்தத்தில் திறப்புகளின் மூலைகளிலிருந்த உலோகம் சற்றே மீளாத்திரிபு அடைந்து, அதன்பின் விரிசலை எதிர்க்கும் நிலையைப் பெற்றிருந்தது. பயணிகளைச் சுமந்த வானூர்திகளுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. வலிமையைச் சோதித்த செயல் அயர்வுச் சோதனையின் முடிவை மாற்றிவிட்டது. முதற்பகுதியில் கூறிய பண்பு வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அடுத்து ‘சைக்கிள்’ என்னும் சொல். அயர்வியலில் இது சுமை ஒருமுறை ஏறி இறங்குவதைக் குறிக்கும். வானூர்தி உடலைப் பொறுத்தவரை ஒரு பறப்பிற்கு ஒருமுறை உள்ளழுத்தம் ஏறி இறங்கும். பறந்த மணி நேரம் வேறு, இவ்வெண்ணிக்கை வேறு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை பறக்கும்போதே பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 19 ஆண்டு பழைமையான அவ்வானூர்தி பறந்த நேரம் 35,496 மணி, பறப்புகளோ 89,680. தீவுக்குத் தீவு குறுந்தொலைவு பறந்தமையே இதற்குக் காரணம். தகடுகளின் இணைப்பில் ஒட்டுப்பசை விட்டு, அரிமானம் புகுந்து, அடுத்தடுத்த தறையாணித் துளைகளில் தோன்றிய சிறு விரிசல்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ‘மூப்பு’, ‘அரிமானம்’, ‘அயர்வு’ மூன்றும் ஒருங்கே அமைந்த நிகழ்வு இது. ‘சைக்கிள்’ என்பதைச் ‘சுற்று’ எனப் பெயர்த்தால் போய்வரும் ஒரு முழுப் பயணமாகக் கருதப்பட்டு எண்ணிக்கை பாதியாகிவிடும். ‘சுமையேற்றிறக்கம்’ என்பது நீண்டதாயினும் பிழைக்கு இடந்தராது.

‘கிரீப்’ என்பது அயர்வினின்றும் வேறானது. மாறாத சுமையில், உயர்வெப்பத்தில், உலோகம் நாளடைவில் மெல்ல நீள்வதே அது. நத்தையின் இயக்கத்தை நினைவூட்டும் ‘ஊர்வு’ என்னும் சொல் இதற்குப் பொருந்தும்.

5. பரலும் இழையோட்டமும்

‘கிரெயின்’ என்னும் ஆங்கிலச் சொல் தானியமணியையும் மரத்தின் நாரோட்டத்தையும் ஒருங்கே குறிப்பது. உலோகவியலும் இரு பொருளையும் ஏற்றுள்ளது. உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுதி. ஒவ்வொரு படிகமும் ஒரு ‘பரல்’. உலோகத்தைக் காய்ச்சி அடிக்கும்போதும் உருட்டும்போதும் பரல்கள் நீண்டு ஒரு திசையில் படிவது ‘இழையோட்டம்’. விறகை நார்வழியே பிளப்பது எளிது. குறுக்கே வெட்டுவது கடினம். அதேபோல் உலோகமும் இழையோட்டத்தின் திசையில் வலிமை மிகுந்தும், குறுக்கே குறைந்தும் இருக்கும். காய்ச்சியடித்து உருவாக்கிய உறுப்பில் இழையோட்டம் உறுப்பின் வளைவைத் தொடர்ந்து செல்லும். தடித்த பாளத்திலிருந்து கடைந்தெடுத்த உறுப்பில் அது இடையே அறுபடும். வானூர்தியின் இறங்குகால் போன்ற உறுப்புகள் காய்ச்சியடித்தே செய்யப்படுவதன் காரணம் இதுவே.

செய்முறைகளின் பெயர்களில் தமிழுக்கு வளம் குறைவில்லை. ‘உருக்கு’, ‘வார்ப்பிரும்பு’ எனப் பொருளுக்குச் செய்முறையாலேயே பெயரிட்ட மொழி இது. தகடாக்குவது உருட்டல், முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதுபோல அச்சுத் துளை வழியே சூடான உலோகத்தைத் தள்ளி நீண்ட சட்டமாக்குவது பிழிதல், அச்சில் ஊற்றுவது வார்த்தல்.

வார்த்தலில் கருதத்தக்கது ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்னும் முறை. சொல்லை மட்டும் நோக்குவோர் ‘முதலீட்டு வார்ப்பு’ என்று எழுத நேரும். இங்கு அச்சொல்லின் பொருள் போர்த்துதல். ஆடை என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து வந்தது. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் சுடுமண் குழம்பைப் பலமுறை போர்த்தி, சூட்டில் மெழுகை ஒழுகவிட்டு, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதே இம்முறை. சுவாமிமலைத் தபதியர் காவிரி வண்டல் மண்ணைக்கொண்டு செப்புத்திருமேனி வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். ‘மெழுகு வார்ப்பு’ என்னும் சொல் தமிழில் முன்னரே உள்ளது, புதிதாக ஆக்கவேண்டியதில்லை.

ஜெட் இயந்திரத்தின் சுழலித் தகடுகள் இம்முறையிலேயே நிக்கல் கலவையால் வார்க்கப்படுகின்றன. அவற்றைச் சூழும் வளிமத்தின் வெப்பம் அக்கலவையின் உருகுநிலையையே விஞ்சும். தகட்டினுள் செல்லும் குளிர்காற்றே அதனைக் காக்கிறது. இவ்வெப்பத்தில் பரல்களுக்கு இடைப்பட்ட எல்லைகள் வழியாகவே ஊர்வு மிகும். ஆகவே எல்லைகளே இல்லாதவாறு, தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கும் முறை உருவாயிற்று. அச்சின் அடியிலுள்ள சுருள்வழியில் பல பரல்கள் போட்டியிட்டு வளர, ஒன்று மட்டும் மேலேறித் தகடு முழுவதையும் நிரப்பும். இத்தகைய தகடுகள் 1980களின் தொடக்கத்தில் பயணிகள் வானூர்திகளுக்கு வந்தன. இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், உலங்கூர்தி இயந்திரத்திற்காக 60 ஒற்றைப்படிகத் தகடுகளை ஆக்கி அளித்ததாக 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அச்சையும் உலோகத்தையும் ஒரே வெப்பத்தில் வைத்து டைட்டானிய வட்டுகளை அடித்துருவாக்கும் முறையையும் அவ்வாய்வகம் அதே ஆண்டில் நிறுவியது.

டைட்டானியத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. கேரளத்துச் சவரா, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி ஆகிய கரைகளின் கருமணலில் இதன் கனிமம் உண்டு. சவராவில் 2011இல் தொடங்கிய ஆலை ‘டைட்டானியம் ஸ்பாஞ்ச்’ ஆக்குகிறது. இதனைப் ‘பஞ்சு’ என்றால் மென்மை தோன்றும். உண்மையில் இது மக்னீசியத்தால் ஒடுக்கப்பட்டுத் துளைகள் நிறைந்து நிற்கும் வன்கட்டி. ‘துளைக்கட்டி’ என்பது தோற்றத்தையும் இயல்பையும் ஒருங்கே காட்டும்.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய சில நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு நெறிகளைப் பெறலாம்.

முதலாவது, பண்புப் பெயர்களைப் பெயர்க்கும்போது அப்பண்பு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைக் கேட்டல் வேண்டும். இழுத்து அளப்பது வலிமை. பள்ளமிட்டு அளப்பது கடினம். அளவைமுறை வேறாயின் சொல்லும் வேறாதல் வேண்டும்.

இரண்டாவது, ஓர் உலோகத்தின் தொழிலில் பிறந்த சொல்லை மற்றோர் உலோகத்திற்குக் கொண்டுசெல்லுமுன், அச்சொல்லில் விளைவும் அடங்கியுள்ளதா என ஆராய்தல் வேண்டும். தோய்ச்சல், துரு இரண்டும் இரும்பின் சொற்கள்.

மூன்றாவது, மூலமொழியின் பலபொருள் ஒருசொல்லைத் தமிழிலும் பலபொருள் ஒருசொல்லாகவே காக்கவேண்டிய கடமை இல்லை. முதிர்வு, மூப்பு எனவும், பரல், இழையோட்டம் எனவும் பிரித்தல் நூலுக்கு நன்மையே தரும்.

நான்காவது, உவமையாக வந்த கலைச்சொல்லை ஏற்கும்போது, முதல் வருகையிலேயே அவ்வுவமை பொருந்தாத இடத்தையும் ஒரு தொடரால் சுட்டிவிடுதல் நலம். அயர்வு என்று எழுதிய இடத்தில் ‘ஓய்வால் நீங்காதது’ எனச் சேர்ப்பது மிகையாகாது.

7. முடிவுரை

2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ பாதி, கரியிழைக் கூட்டுப்பொருள். அலுமினியம் 20 விழுக்காடு, டைட்டானியம் 15 விழுக்காடு, எஃகு 10 விழுக்காடு. உலோகத்தின் பங்கு குறைந்துள்ளதே தவிர நீங்கவில்லை. கரியிழையைத் தொடும் இடத்தில் அலுமினியம் விரைந்து அரிபடுவதால் அங்கெல்லாம் டைட்டானியம் இடம்பெற்றது. ஆகப் புதிய பொருளும் பழைய உலோகத்தின் இயல்பைக் கருதியே பொருத்தப்படுகிறது. இத்துறையின் சொற்கள் இனியும் பெருகும். அவற்றுட் பல, இப்போதுள்ளவை போலவே, எளிய அன்றாடச் சொற்களின் வடிவிலேயே வரும்.

வானூர்தி உலோகவியலில் ஒவ்வொரு கலைச்சொல்லும் ஒரு செய்முறையின் சுருக்கம் என்பது இக்கட்டுரையால் பெறப்படும் முடிவு. செய்முறையை அறியாமல் சொல்லைப் பெயர்ப்பது, பெட்டியைத் திறவாமல் அதன் பொருளைக் கணக்கெடுப்பதை ஒக்கும். பட்டறையில் வழங்கும் சொற்களைத் தொகுப்பதும், அவற்றின் பொருள் எல்லையைத் தொழிலறிந்தோரிடம் கேட்டு வரையறுப்பதும், பின்னரே அகராதியில் ஏற்றுவதும் மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் கூடிச் செய்யத்தக்க பணிகள். கொல்லர், தட்டார், கன்னார், தபதியர் ஆகியோரின் வழக்கில் இன்னும் எஞ்சியுள்ள சொற்களை அவர்கள் தொழிலை விடுமுன் பதிவு செய்தல் இப்பணியின் முதற்படியாகும்.